கழித்துப் பார்க்கும் வயது

பெப்ரவரி 11, 2024, ஞாயிறு
பக்கத்து வளவு அக்கா தங்கச்சியின் மகனைப் பார்க்க வந்தார். "நாலரை மாசமாகுது, இன்னும் தலை நிக்கேல்லையே?" தங்கச்சி பேசாமல் குசினிக்குள் போய்விட்டாள். பிள்ளை பிறந்தது நாற்பது கிழமை நிறையாமல், 31 கிழமையில், 1,450 கிராம். அக்காவுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். விளக்கம் கொடுக்கப் பொறுமை வரவில்லை.

பெப்ரவரி 14, புதன்
கிளினிக். தராசுப் பைக்குள் காலை உதறிக் கத்தினான். மிஸ்ஸி கேட்டார்: "எத்தினை கிழமை முந்திப் பிறந்தவர்?" ஒன்பது. பிறந்து பத்தொன்பது கிழமை, ஒன்பதைக் கழித்தால் பத்து. "அப்ப பத்துக் கிழமைப் பிள்ளைதானே! ரெண்டு வயசு மட்டும் இப்பிடித்தான் பார்க்கோணும்." தடுப்பூசிக்கு மட்டும் கழிவு இல்லை, பிறந்த திகதிதான் கணக்கு. அதையும் குத்தி அனுப்பினார்.

பெப்ரவரி 20, செவ்வாய்
இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று இரவிரவாக வாசித்தேன். பின்லாந்து மருத்துவர் ஆர்வோ இல்ப்போ 1919இல் 2,500 கிராமில் கோடு கீறினார். அதற்குக் குறைந்தால் குறைமாதம், நிறைதான் அளவு. மாசம் நிறைந்தும் எலிக்குஞ்சு மாதிரிப் பிறந்த எங்கள் அம்மாவும் அந்தக் கணக்கில் குறைமாதப் பிள்ளைதான்! உலக சுகாதார நிறுவனம் நிறையையும் கிழமையையும் பிரித்துச் சொன்னது 1961இல். இரண்டு வருசத்தால் மருத்துவர் லுலா லுப்சென்கோ அமெரிக்காவின் டென்வரில் பிறந்த பிள்ளைகளின் நிறையைக் கிழமை வாரியாக வளைகோடாக்கினார். டென்வரோ 1,600 மீற்றர் உயரத்தில். அவ்வளவு உயரத்தில் பிள்ளைகள் கொஞ்சம் நிறை குறைந்தே பிறக்கும். அந்தக் கோட்டை எத்தனையோ நாடுகளில் அப்படியே வைத்து அளந்தார்கள். சமவெளியில் இரணைமடுக் குளத்துத் தண்ணி குடிக்கிற எங்களுக்கு மலையூர் அளவுகோல்!

பெப்ரவரி 23, வெள்ளி
பிள்ளைக்குக் கண் பரிசோதிக்க யாழ்ப்பாண பஸ்ஸில் அலைந்தபோது எரிச்சல்தான் வந்தது. காரணம் இப்போதுதான் விளங்குகிறது. 1940களில் குறைமாதப் பிள்ளைகளுக்கு ஒக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்தார்கள். உயிர் தப்பிய பிள்ளைகளில் பலருக்குக் கண் போனது. உலகம் முழுக்க ஏறக்குறைய 10,000 பேர். ஒக்சிஜன்தான் காரணம் என்று மெல்போர்னில் மருத்துவர் கேட் காம்ப்பெல் 1951இல் எழுதினார், பிறகு அமெரிக்க ஆஸ்பத்திரிகள் சேர்ந்து சோதித்து உறுதிசெய்தன. உடனே ஒரேயடியாகக் குறைத்தார்கள், மூச்சுக் கிடைக்காமல் செத்த பிள்ளைகள் கூடின. இவனுடைய குட்டிப் பாதத்தில் சிவப்பு லைட்டைச் சுற்றிக் கட்டி, மிஸ்ஸிமார் இரவு பகலாக இரத்தத்தில் ஒக்சிஜன் எவ்வளவு என்ற இலக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது அதற்காகத்தான்.

பெப்ரவரி 27, செவ்வாய்
அம்மா பிள்ளையைத் தன் நெஞ்சில் கவிழ்த்துப் போட்டிருந்தா. தலையைத் தூக்கிச் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்தான். மூன்று எண்ணுவதற்குள் தலை தொப்பென்று விழுந்தது. கழித்துப் பார்த்தால் பன்னிரண்டு கிழமை. தங்கச்சி வேலியடிக்கு ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டாள். அவர் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் நித்திரையாகிவிட்டான்.