முதுநிலை ஆய்வில் நோயைவிட முதலில் அளக்க வேண்டியது

சுற்றுச்சூழல், தொழில்சார் நலத் துறையில் முதுநிலை மாணவர்கள் எழுதும் ஆய்வு முன்வரைவுகளைப் படிக்கும்போதெல்லாம் ஒரே குறை என் கண்ணில் படுகிறது. நோயை எவ்வாறு கண்டறிவது, எத்தனை பேரைச் சந்திப்பது, தரவுகளை எந்த மென்பொருளில் பகுத்தாய்வது என்பவற்றுக்குப் பக்கம் பக்கமாக இடம் ஒதுக்குபவர்கள், நோய்க்குக் காரணம் என்று தாங்களே கருதும் தூசியையோ இரைச்சலையோ வெப்பத்தையோ எப்படி அளக்கப் போகிறோம் என்பதை இரண்டு வரிகளில் முடித்துவிடுகிறார்கள். "தூசி நிறைந்த இடத்தில் வேலை செய்கிறீர்களா? ஆம் / இல்லை" என்ற கேள்வியோடு அந்த இரண்டு வரிகளும் தீர்ந்துவிடும்.

நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு "என்ன தொழில் செய்கிறீர்?" என்பதையும் சேர்க்க வேண்டும் என்று தொழில்சார் மருத்துவத்தின் முன்னோடியான இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாஸினி 1700-இல் எழுதினார். மருத்துவருக்கு அது நல்ல தொடக்கம், ஆய்வாளருக்குப் போதாது. கல் அறுக்கும் பட்டறை ஒன்றில் அறுப்பவர், மெருகேற்றுபவர், கணக்கு எழுதுபவர் ஆகிய எல்லோருமே வருகைப் பதிவேட்டில் தொழிலாளர்கள்தான். ஆனால் அவர்கள் சுவாசிக்கும் காற்று ஒன்றல்ல. மாலையில் உலர்ந்த துடைப்பத்தால் தரையைப் பெருக்குபவரை மாணவர்கள் பட்டியலில் சேர்ப்பதேயில்லை. படிந்து கிடந்த நுண்தூசியை மீண்டும் எழுப்பி, அதன் நடுவில் நிற்பவர் அவர்தான்.

ஆகவே, கேள்வித்தாளைத் தயாரிப்பதற்கு முன் ஒரு முழுப் பணிநேரம் அங்கே இருந்து, யார் எந்த வேலையை எவ்வளவு நேரம் செய்கிறார் என்று குறித்துக்கொள்வது நல்லது. ஒத்த வேலை செய்வோரை ஒரு குழுவாக்கி, ஒவ்வொரு குழுவிலிருந்தும் சிலரிடம் தனிநபர் மாதிரி எடுக்கலாம். இடுப்புப் பட்டையில் ஒரு சிறிய பம்பு, முதுகு வழியாகத் தோளுக்கு ஏறும் குழாய், சட்டைக் காலர் அருகே, மூக்கிலிருந்து சுமார் 30 சென்டிமீட்டருக்குள் பொருத்தப்படும் வடிதாள் பெட்டி: கருவி இவ்வளவுதான். கல்லை அறுக்கும்போது எழும் சிலிக்கா தூசியை அளப்பதானால், நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடிய நுண்துகள்களை மட்டும் பிரித்தெடுக்கும் சைக்ளோன் என்ற சிறு கருவி ஒன்றும் வேண்டும். அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பு விதிகளை வகுக்கும் அரசு அமைப்பான ஓஷா (OSHA) 2016-இல் வெளியிட்ட விதி, இத்தகைய சிலிக்காவுக்கு 8 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றுக்கு 50 மைக்ரோகிராம் என்று வரம்பிட்டது. இவ்வளவு சிறிய எடையைத் தேடும்போது, பம்பின் ஓட்ட வேகத்தைத் தொடக்கத்திலும் முடிவிலும் சரிபார்க்காமல் விட்டால் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளே இல்லை. களத்துக்கு எடுத்துச் சென்று, காற்றை இழுக்காமல் திருப்பிக் கொண்டுவரும் வெற்று வடிதாளுக்கும் அதே முக்கியத்துவம் உண்டு; கையாளும்போது ஒட்டிக்கொண்ட மாசு எவ்வளவு என்பதை அதுதான் காட்டும். அதை வீண் செலவு என்று எண்ணுபவர்கள் ஆய்வகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம்.

இரைச்சலில் சிக்கல் வேறு வகையானது. அமெரிக்க அரசின் தொழில்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் (NIOSH) பரிந்துரை 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் உயர்வுக்கும் அனுமதிக்கப்படும் நேரம் பாதியாகும். ஓஷாவின் சட்ட வரம்போ 90 டெசிபல், 5 டெசிபலுக்கு ஒருமுறை பாதி. நாள் முழுவதும் 88 டெசிபலில் நிற்கும் ஒருவர் முதல் கணக்கின்படி வரம்பைப் போல் இரு மடங்கு இரைச்சலை வாங்குகிறார். இரண்டாவது கணக்கின்படி வரம்புக்குள்ளேயே இருக்கிறார். இரைச்சல் அளவியில் எந்த விதியை அமைத்தோம் என்று எழுதாத ஆய்வேட்டிலிருந்து இதில் எதையும் அறிய முடியாது. வெப்பத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், வானிலை நிலையத்தின் வெப்பநிலை உதவாது. ஈரப்பதம், கதிர்வெப்பம், காற்றோட்டம் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ளும் டபிள்யூபிஜிடி (WBGT) என்ற வெப்பக் குறியீட்டு அளவீட்டை வேலை நடக்கும் இடத்திலேயே எடுக்க வேண்டும்.

மாதிரி அளவு, அதாவது ஆய்வில் சேர்க்கும் ஆட்களின் எண்ணிக்கை, 384 என்பது ஆய்வேடுகளில் ஒரு மந்திரம்போல ஆகிவிட்டது. நோயின் பரவல் 50 விழுக்காடு, பிழை வரம்பு 5 விழுக்காடு, நம்பிக்கை அளவு 95 விழுக்காடு என்று வைத்தால் வரும் எண் அது. இரு குழுக்களை ஒப்பிடும் ஆய்வுக்கு அந்தச் சூத்திரம் பொருந்தாது.

ஒப்பீட்டுக் குழுவைத் தெரிவு செய்வதில் இன்னும் கூர்மை தேவை. நோயுற்றவர்கள் வேலையை விட்டுப் போயிருப்பார்கள். தாக்குப்பிடித்தவர்களே நம் முன் நிற்பார்கள். அவர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டால், தூசியில் வேலை செய்பவர்களே ஆரோக்கியமானவர்கள் என்ற முடிவுகூட வரலாம். அதே நிறுவனத்தில் தூசி குறைந்த பிரிவினரோடு ஒப்பிடுவதும், முடிந்தால் வேலையை விட்டவர்களைத் தேடிப் பிடிப்பதும் இந்தப் பிழையைக் குறைக்கும்.

இறுதியாக, ஒப்புதல். நிர்வாகம் தந்த அனுமதிக் கடிதம் தொழிலாளியின் ஒப்புதலாகாது. மேற்பார்வையாளர் அருகில் நிற்கும்போது வாங்கும் கையெழுத்தையும் நான் ஒப்புதலாகக் கொள்வதில்லை. ஒருவருக்குச் செவித்திறன் குறைந்திருப்பது தெரியவந்தால் அந்த முடிவு யார் கைக்குப் போகும், அவரை எந்த மருத்துவரிடம் அனுப்புவோம், அவருடைய வேலைக்கு ஆபத்து வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வோம் ஆகிய மூன்றுக்கும் நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்திலேயே விடை எழுதிவிட வேண்டும்.