வளிச்சீராக்கியின் வடிகட்டி யாருக்காக?

ரொறன்ரோவில் வசிக்கும் என் அக்காவின் வீட்டில், குளிர்காலம் முழுவதும் இயங்கும் வெப்பமூட்டிக்கு மடிப்பு மடிப்பான வடிகட்டி ஒன்று உண்டு. சட்டத்தில் அச்சிட்ட அம்புக்குறி காற்றுச் செல்லும் திசையை நோக்கும்படி வைத்து, ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுவார். வாங்கும்போது அளவோடு 'மெர்வ்' எண்ணையும் பார்ப்பார். அந்த எண் ஏற ஏற நுண்ணிய துணிக்கைகளும் பிடிபடும். காற்றோட்டத்துக்கான தடையும் பொதுவாகக் கூடும். ஆகவே 13 ஆம் எண்ணை விரும்பினாலும், விசிறி அதைத் தாங்குமா என்று அறிந்தே வாங்க வேண்டும்.

கொழும்பில் நமக்கு வெப்பமூட்டி எதற்கு? வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் சுவர்களில் இருக்கும் வளிச்சீராக்கிகளில் பெரும்பாலும் மெல்லிய பிளாஸ்டிக் வலைதான் உள்ளது. அது நுரையீரலைக் காப்பதாகப் பலர் நம்பினாலும், அதன் முதல் வேலை பின்னாலுள்ள குளிர்ச்சுருளின் அலுமினியத் தகடுகளைக் காப்பதே. பஞ்சும் முடியும் தடித்த தூசியும் அதில் சிக்கும்; காலி வீதிப் பேருந்துப் புகையிலுள்ள, 2.5 மைக்ரோமீற்றருக்கும் சிறிய துணிக்கைகள் தாராளமாக நுழைந்துவிடும்.

அதற்காக வலையின்மேல் கூடுதல் வடிகட்டித் தாளை ஒட்டும் யோசனை எனக்கு உவப்பானதல்ல. காற்றோட்டம் குறைந்தால் சுருளில் பனி உறைந்து, பின்னர் உருகிச் சுவரில் வழியக்கூடும். அறை குளிர நேரமெடுப்பதால் மின்கட்டணமும் ஏறும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியப் பக்கத்து மாசும் சேர்ந்து வானம் மங்கும் நாட்களில், வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால், 0.3 மைக்ரோமீற்றர் துணிக்கைகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட தனிச் சுத்திகரிப்பானைப் படுக்கையறையில் வைப்பதே பொருத்தம்.

வலையைக் கழுவ மின்சாரத்தை நிறுத்தி, அதைக் கழற்றி, தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து குழாய்நீரைப் பாய்ச்ச வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் (சமையலறையை ஒட்டிய அறையென்றால் மீன் பொரியலின் உபயத்தில் நிச்சயம் இருக்கும்) பாத்திரம் கழுவும் திரவம் சிறிது போதும். சுடுநீரும் கடும் வெயிலும் பிளாஸ்டிக்கை வளைத்துவிடும். வளைந்த வலையின் ஓர இடைவெளிகளால் தூசி நேரே சுருளுக்குப் போகும். நிழலில் நன்கு உலர்ந்த பின்பே மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் நம்மூர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடித்து நாறும். இரவுதோறும் இயக்குபவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவது நல்லது. கடலோர வீடுகளில் உப்புக்காற்று வெளியலகின் தகடுகளை அரிப்பதால், வலை எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறையாவது சேர்விஸ்காரரை அழைத்து அந்தப் பகுதியையும் கழுவச் செய்ய வேண்டும்.