கையும் மெய்யுமாகப் பிடிபட்டவள்: லண்டன் ஓவியக்கூடங்களில் ஒரு தேடல்

லண்டன் ட்ரஃபால்கர் சதுக்கத்தின் வடபுறத்தில் உள்ள நேஷனல் கேலரிக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. அங்கே டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1644ஆம் ஆண்டு வரைந்த ஓவியம் ஒன்றின் முன் நான் நெடுநேரம் நின்றேன். ஏறத்தாழ 84 செ.மீ. உயரமும் 65 செ.மீ. அகலமும் கொண்ட அந்த ஓக் மரப்பலகையில், விவிலியத்தில் உள்ள யோவான் நற்செய்தியின் எட்டாம் அதிகாரக் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. யூதச் சட்டத்தைக் கற்பித்த வேதபாரகரும், அதைக் கண்டிப்பாகப் பின்பற்றிய பரிசேயரும் ஒரு பெண்ணை ஆலயத்துக்கு இழுத்து வந்து, "இந்த ஸ்திரீ விபசாரத்தில் கையும் மெய்யுமாய்ப் பிடிக்கப்பட்டாள்" என்று இயேசுவிடம் குற்றம் சாட்டுகிறார்கள். மோசேயின் சட்டப்படி இவளைக் கல்லெறிந்து கொல்ல வேண்டும், நீர் என்ன சொல்கிறீர் என்பது அவர்களுடைய கேள்வி. இரங்கினால் சட்டத்தை மீறியவர் என்றும், தண்டித்தால் இரக்கமற்றவர் என்றும் அவரைச் சிக்கவைக்கும் திட்டம் அது.

ஓவியத்தின் பெரும்பகுதியை இருள் சூழ்ந்த ஆலயத்தின் உட்புறமே எடுத்துக்கொள்கிறது. மேலே வலப்புறத்தில் பொன்னொளி வீசும் பீடமும் அதை நோக்கிப் படியேறும் மக்களும் தெரிகிறார்கள்; அந்தப் பிரம்மாண்டத்தின் அடியில், விரலளவு உருவங்களாகத்தான் இந்த வழக்கு நடக்கிறது. வெண்ணிற ஆடையில் மண்டியிட்டு அழும் பெண்மீது வெளிச்சம் முழுவதும் விழுகிறது. குற்றம் சாட்ட வந்தவர்களில் ஒருவர், எல்லோரும் பார்க்கட்டும் என்று அவளுடைய முகத்திரையை விலக்கிப் பிடிக்கிறார். சுற்றியிருப்பவர்களைவிட உயரமாக நிற்கும் இயேசு எந்தச் சைகையும் செய்யாமல் அவளைப் பார்க்கிறார். பிடிபட்ட கணத்தை வரைய வந்த ஓவியர், அந்தக் கணத்தை விட்டுவிட்டு, பிடித்தவர்கள் அவளைக் காட்சிப்பொருளாக்கும் கணத்தைத் தேர்ந்திருக்கிறார். என் பார்வையில், அந்த முகத்திரையைத் தூக்கும் கைதான் இந்த ஓவியத்தின் உண்மையான குற்றம்.

காப்பீட்டுத் தொழிலில் பெயர்பெற்ற ஜான் ஜூலியஸ் ஆங்கர்ஸ்டைனின் தொகுப்பிலிருந்த 38 ஓவியங்களை, 1824ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு 57,000 பவுண்டுக்கு வாங்கியபோது பிறந்ததுதான் நேஷனல் கேலரி. இந்த ரெம்பிராண்டும் அந்த 38இல் ஒன்று.

அங்கிருந்து ஸ்ட்ராண்ட் சாலை வழியாகக் கிழக்கே சிறிது தூரம் நடந்தால் சாமர்செட் ஹவுஸ் வருகிறது. அதனுள்தான் கோர்ட்டோல்ட் கேலரி அமைந்திருக்கிறது. இங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். வருவோரில் பெரும்பாலோர் மானேயையும் வான்கோவையும் தேடி மேல்தளங்களுக்கு விரைகிறார்கள். நான் தேடிப்போனது, அதே விவிலியக் காட்சியை நெதர்லாந்து ஓவியர் பீட்டர் புரூகல் 1565ஆம் ஆண்டு சாம்பல் நிறச் சாயல்களில் மட்டுமே தீட்டிய சிறு பலகையை. 24 செ.மீ. உயரமும் 34 செ.மீ. அகலமும்தான், ஏ4 தாளைவிடச் சற்றே பெரியது. புரூகல் சாகும்வரை இதை விற்காமல் தம்மிடமே வைத்திருந்தார். பின்னர் அவருடைய மகன் யானுக்கு வந்து, யான் அதை மிலான் நகரக் கர்தினால் ஃபெடெரிகோ பொரோமேயோவுக்கு உயில் எழுதிவைக்க, கர்தினாலோ ஒரு பிரதி எடுத்துக்கொண்டு மூலத்தைக் குடும்பத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். 1982ஆம் ஆண்டு இந்தப் பலகை கோர்ட்டோல்டிலிருந்து திருடப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே மீட்கப்பட்டது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

புரூகல் தேர்ந்த கணம் வேறு. இயேசு குனிந்து தரையில் விரலால் எழுதிக்கொண்டிருக்கிறார். பெண் நின்றுகொண்டிருக்கிறாள், மண்டியிடவில்லை. எழுதப்படுவது என்ன என்று நற்செய்தி எங்குமே கூறவில்லை. புரூகல் அந்த இடைவெளியில், பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று இயேசு தரும் பதிலிலிருந்து "பாவமில்லாதவன் எவனோ அவன்" என்ற தொடக்கத்தை டச்சு மொழியில் எழுதி, முடிக்காமல் நிறுத்திவிடுகிறார். அறிஞர்களின் இலத்தீன் அல்ல, தெருவில் நிற்கும் எவரும் வாசிக்கக்கூடிய மொழி. எறியப்படாத கற்கள் தரையில் கிடக்கின்றன. பெரிய அங்கிகள் அணிந்த பரிசேயர் முன்சாய்ந்து அந்த எழுத்தைப் பார்க்கிறார்கள். பின்னால் கூட்டம் கலையத் தொடங்கிவிட்டது. கையும் மெய்யுமாகப் பிடிபட்டு நிற்பவர்கள் இப்போது அவர்களே. வரையப்பட்ட காலத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது இதன் கனம் கூடுகிறது. ஸ்பானிய ஆட்சியின் கீழ் இருந்த நெதர்லாந்தில், மதக்கொள்கை மாறுபட்டவர்களைக் காட்டிக்கொடுப்பதும், பிடித்துவந்து எரிப்பதும் சட்டத்தின் பெயரால் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. அப்படிப்பட்ட காலத்தில் தம் வீட்டுக்குள் இப்படியொரு பலகையை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ஓவியரை நினைத்தால் எனக்கு அவர்மேல் பெருமதிப்பு உண்டாகிறது. ரெம்பிராண்டின் ஒளி கண்ணைக் கவர்ந்தாலும், இந்த நிகழ்வை ஆழமாகப் புரிந்துகொண்டவர் புரூகல் என்றே கருதுகிறேன்.

இரு ஓவியங்களையும் அடுத்தடுத்துப் பார்த்ததும், சிறுவயதிலிருந்து இந்தப் பகுதியை வாசிக்கக் கேட்டபோதெல்லாம் எழாத கேள்வி ஒன்று எழுந்து, அன்று முழுவதும் என்னை விடவில்லை. அந்த ஆண் எங்கே? மோசேயின் சட்டம் அடங்கிய விவிலிய நூலான லேவியராகமத்தின் 20ஆம் அதிகாரம் 10ஆம் வசனம், இருவரும் கொல்லப்பட வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. செயலின்போதே பிடிபட்டாள் என்றால் உடன் இருந்தவனும் பிடிபட்டிருக்க வேண்டும். சட்டத்தை ஏந்தி வந்தவர்கள் அதில் பாதியை மட்டுமே ஏந்தி வந்திருக்கிறார்கள்.

செயின்ட் பாங்க்ரஸ் பகுதியில் உள்ள பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போனதும் இந்தக் கேள்வியின் தொடர்ச்சியாகத்தான். 1933ஆம் ஆண்டு சோவியத் அரசிடமிருந்து ஒரு லட்சம் பவுண்டுக்கு வாங்கப்பட்ட, நான்காம் நூற்றாண்டின் கிரேக்க விவிலியச் சுவடியான கோடெக்ஸ் சினைட்டிகஸ் அங்கே இருக்கிறது. அதில் யோவான் ஏழாம் அதிகாரத்தின் 52ஆம் வசனத்தை அடுத்து நேரே எட்டாம் அதிகாரத்தின் 12ஆம் வசனம் வருகிறது. அந்தப் பெண்ணின் கதையே கிடையாது. இந்த நிகழ்வு நற்செய்தியில் பின்னர் சேர்க்கப்பட்டது என்பதே இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோரின் முடிவு. ஆனால் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிறிஸ்தவ இறையியலாளரான புனித அகுஸ்தீன் வேறு காரணம் எழுதினார்: தங்கள் மனைவியருக்கு இது துணிச்சல் கொடுத்துவிடுமோ என்று அஞ்சிய சிலர் சுவடிகளிலிருந்து இதை நீக்கிவிட்டார்கள் என்றார். அவர் சொன்னது வரலாற்று உண்மையாக இல்லாமல் இருக்கலாம். அந்த அச்சம் அவர் காலத்து ஆண்களிடம் இருந்திருக்கக் கூடும் என்பதை மறுக்க எனக்குத் தோன்றவில்லை.

பேக்கர் ஸ்ட்ரீட் நிலையத்தில் இறங்கி மான்செஸ்டர் சதுக்கம்வரை நடந்தால் வாலஸ் கலெக்‌ஷன். இதற்கும் கட்டணம் இல்லை. ரெம்பிராண்டிடம் பயின்ற நிக்கோலாஸ் மாஸ் 1656ஆம் ஆண்டு வரைந்த, ஒட்டுக்கேட்கும் இல்லத்தரசியின் ஓவியம் அங்கே இருக்கிறது. வீட்டுப் பணிப்பெண்ணும் அவளுடைய காதலனும் பின்னணியில் தனித்திருக்க, முன்னால் நிற்கும் எசமானி உதட்டில் விரல் வைத்து, புன்னகையோடு நம்மைப் பார்க்கிறாள். ஆண் இங்கே காணாமல் போகவில்லை. கல்லும் இல்லை, சட்டமும் இல்லை. ஆனால் "சத்தம் போடாதீர்கள்" என்ற அந்தச் சைகையால் நாமும் ஒளிந்திருந்து பார்ப்பவர்களாக ஆக்கப்படுகிறோம். அழகாக வரையப்பட்ட படம்தான். இருந்தும் அந்தப் புன்னகையோடு என்னால் உடன்பட முடியவில்லை.

மாஸ் இதே கருவைப் பலமுறை வரைந்திருக்கிறார். 1655ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, லண்டன் நகரின் பழைய மையத்தில் உள்ள, நகர மேயரின் இல்லமான மேன்ஷன் ஹவுஸில் தொங்குகிறது. அதில் ஒரு பெண் யாரையோ கடிந்துகொண்டிருக்கிறாள், இன்னொருவர் மறைந்திருந்து கேட்கிறார். திட்டு வாங்குபவர் இருக்க வேண்டிய இடத்தை, உண்மைத் திரையோ என்று ஐயுறும்படி தீட்டப்பட்ட ஒரு திரைச்சீலை மூடியிருக்கிறது. அவர் ஆணா பெண்ணா, செய்தது என்ன என்பது நமக்குக் காட்டப்படவே இல்லை. அன்று பார்த்த ஓவியர்களில், பிடிபட்டவரை நம் கண்ணிலிருந்து காப்பாற்றியவர் இந்த ஓவியத்தை வரைந்தபோதிருந்த மாஸ் மட்டுமே. அதற்காகவே லண்டன் போகும் நண்பர்களிடம், மேன்ஷன் ஹவுஸையும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி வருகிறேன்.