அறுபதுக்குப் பிறகு முந்நூறு சிசி

கியர் பைக்கை நான் விட்டதற்குக் காரணம் இடது கைக் கட்டைவிரல். மூட்டுத் தேய்மானம் முதலில் அங்கேதான் தலைகாட்டியது. நெரிசலில் கிளட்ச்சைப் பிடித்துப் பிடித்து விட்டுவிட்டு வந்தால், சாயங்காலம் டம்ளரைத் தூக்கவே யோசனையாக இருக்கும். இடுப்பும் முன்புபோல் காலைத் தூக்கிப் போட விடவில்லை. 125 சிசி ஸ்கூட்டர் ஊருக்குள் போதும்தான். நெடுஞ்சாலையில் லாரி பின்னால் நெருங்கும்போது, இன்னும் கொஞ்சம் முறுக்கலாம் என்றால் அதனிடம் மிச்சம் இருக்காது. அதனால் 300 முதல் 400 சிசி வரையிலான நடுத்தர ஸ்கூட்டர் பக்கம் வந்தேன்.

வண்டி பார்க்கும்போது பலரும் முதலில் கேட்பது பவர். இந்த வயதில் அதைக் கடைசியில் கேட்டால் போதும். ஓடும்போது 180 கிலோவுக்கும் 220 கிலோவுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. நிறுத்தும்போது, தள்ளும்போது, குறுகலான இடத்தில் திருப்பும்போதுதான் தெரியும். யமஹா எக்ஸ்மேக்ஸ் 300 சுமார் 180 கிலோ. சீட் உயரம் 795 மி.மீ. ஹோண்டா ஃபோர்ஸா 350-இன் சீட் 780 மி.மீ. சுசூகி பர்க்மன் 400-இல் சீட் 755 மி.மீ. தான், ஆனால் எடை 215 கிலோவைத் தாண்டிவிடும். இந்த எண்களை மட்டும் நம்பவும் முடியாது. சீட் அகலமாக இருந்தால் தொடைகள் விரிந்து, தாழ்ந்த சீட்டிலிருந்துகூட குதிகால் தரையைத் தொடாது. நான் வழக்கமாகப் போடும் ஷூவோடு போய், உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்தி, பின்னோக்கித் தள்ளிப் பார்த்தேன். விற்பனையாளர் டெஸ்ட் ரைடு போகச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த நாலடி தள்ளலில் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. கடைசியில் 300 சிசி ரகத்தில் எடை குறைந்த ஒன்றை எடுத்தேன்.

ஸ்கூட்டர் என்றால் கால் வைக்கும் இடம் தட்டையாக இருக்கும் என்று எண்ணிப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். இந்த ரகத்தில் பெரும்பாலானவற்றுக்கு நடுவில் ஒரு மேடு உண்டு. பலவற்றில் பெட்ரோல் டேங்க்கே அதற்குள்தான். காலை அதற்கு மேலாகத் தூக்கித்தான் கடத்த வேண்டும். சைடு ஸ்டாண்டில் நிற்கும்போதே, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஏறினால் இடுப்புக்கு நிம்மதி.

பழகுவதில் பெரும்பகுதி மெதுவாக ஓட்டுவதுதான். கிளட்ச் லீவர் இல்லாததால் சுலபம் என்று தோன்றும். உள்ளே இருப்பது சுழற்சி வேகத்தால் தானே பிடிக்கும் கிளட்ச். மெதுவாகப் போகையில் ஆக்சிலேட்டரை முழுக்க விட்டால் அதுவும் விட்டுவிடும். சக்கரத்துக்கு இழுவை நின்று வண்டி தள்ளாடும். அதற்கு ஒரு வழி: ஆக்சிலேட்டரைத் துளி திறந்தே வைத்து, இடது கை லீவரால் பின் பிரேக்கை லேசாக உரச விடுவது. வேகம் நடை அளவுக்குக் குறைந்தாலும் வண்டி நிமிர்ந்தே போகும். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. வண்டி அந்தப் பக்கமே சாயும், அறுபது தாண்டிய கால் அதைத் தாங்காது. காலியான மைதானத்தில் யூ-டர்ன் அடித்து அடித்து இதைக் கைக்குக் கொண்டுவந்தேன். பார்த்தவர்கள் லைசென்ஸ் எடுக்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

சென்டர் ஸ்டாண்ட் போடுவதற்குக் கைபலம் தேவையில்லை. ஸ்டாண்டின் இரண்டு கால்களும் தரையில் சமமாகப் படும்வரை பாதத்தால் மெல்ல அழுத்திவிட்டு, உடம்பின் முழு எடையையும் அந்தப் பாதத்தில் ஏற்றினால் வண்டி தானாகப் பின்வாங்கி ஏறும். கைகள் சாயாமல் பிடித்தால் போதும். முதுகை வளைத்துத் தூக்கினால் அன்றைக்கு ராத்திரி தைலம்தான்.

நிறுத்தும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது ஒரு தனிப் பாடம். ரிவர்ஸ் கிடையாது. முன்சக்கரம் சரிவில் இறங்கியபடி நிறுத்தினால், வெளியே எடுக்க அத்தனை எடையையும் மேட்டில் பின்னோக்கி இழுக்க வேண்டும். நிறுத்தும்போதே வெளியேறும் வழியைப் பார்த்து வைக்கிறேன். சில அடி கூடுதலாக நடந்தாலும் பரவாயில்லை. கியர் பைக்கைப் போல கியரில் போட்டு நிறுத்தவும் முடியாது என்பதால், சரிவில் பார்க்கிங் பிரேக் இல்லாத வண்டி உருளும்.

முதுகுவலிக்காரர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று. இந்த ரகத்தில் பெரும்பாலும் இன்ஜினும், அதன் இழுவையைச் சக்கரத்துக்குக் கடத்தும் பெல்ட்டின் பெட்டியும் பின்சக்கரத்தோடு சேர்ந்தே மேலும் கீழும் ஆடும். அந்தக் கனம் பள்ளத்தில் இறங்கும்போது அடி நேராகத் தண்டுவடத்துக்கு வரும். கால்கள் முன்னால் நீண்டிருப்பதால், பைக்கில் போல எழும்பி அதிர்ச்சியை வாங்கவும் வழியில்லை. பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை என் எடைக்குத் தக்க வைத்து, டயர் சூடாகும் முன் காற்றழுத்தம் பார்த்த பிறகு ஓரளவு குறைந்தது. மிச்சத்துக்கு வேகத்தைக் குறைப்பதுதான்.

கண்ணுக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. தூரத்துக்கும் கிட்டத்துக்கும் ஒரே கண்ணாடியாக வரும் புரோகிரெசிவ் கண்ணாடியின் கீழ்ப்பகுதி கிட்டப் பார்க்க மட்டும். கால் ஊன்றும் தரை அதன் வழியே மங்கலாகத் தெரியும். ஓட்டுவதற்கென்று தூரம் பார்க்க மட்டுமான கண்ணாடி தனியாகச் செய்துகொண்டேன். கழுத்து முழுக்கத் திரும்பாததால் தடம் மாறும்போது தோளையும் சேர்த்தே திருப்புகிறேன். தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்ட நாளில் சாவி ஆணியிலேயே தொங்கும்.

சர்வீஸில் ஆயில், கூலன்ட் எல்லாம் வழக்கம்போல. பெல்ட்டை மட்டும் தள்ளிப்போடுவதில்லை. என் வண்டிக் கையேட்டில் 20,000 கி.மீ. என்று இருக்கிறது. நடுவழியில் அறுந்தால் இன்ஜின் ஓடும், வண்டி நகராது. தள்ளிக்கொண்டு போகும் வயது இல்லை. அடுத்த பெல்ட் மாற்றும் வேளையில் சென்டர் ஸ்டாண்டை உதவியில்லாமல் போட முடிந்தால் இதே வண்டி. முடியாவிட்டால் 125-க்கு இறங்குவது என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். பின்சீட்டில் அவளுக்கும் பங்கு இருப்பதால், சோதனையின்போது பக்கத்தில் நிற்கப் போவதும் அவள்தான்.