காட்பாடியிலிருந்து பிரேசில்: எகானமி சீட்டும் லவுஞ்ச் கார்டும்

மார்ச் 8, 2025, சனி

பயணம் உறுதியாகிவிட்டது. பிரேசிலின் தெற்குக் கோடியில் டேனரிகளை, அதாவது தோல் பதனிடும் ஆலைகளைப் பார்த்து, வெட் புளூ தோலுக்கு (குரோமியத்தில் பாதி பதனிட்டு ஈரமாக வரும் நீலத் தோல்) விலை பேச வேண்டும். பிப்ரவரி பட்ஜெட்டில் வெட் புளூவுக்கு இருந்த 10 சதவீத இறக்குமதி வரியை எடுத்துவிட்டார்கள். அதிலிருந்து ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இதே பேச்சுதான்.

முதலாளியும் வருகிறார். மேல்விஷாரத்துக்காரர், ஊருக்கே பாய், எனக்கும் பாய். "பிசினஸ் கிளாஸ்ல போனா சரக்குல வர்ற லாபம் சீட்டுக்கே போயிடும் தம்பி" என்று எகானமியில் போடச் சொல்லிவிட்டார். என்னிடம் லவுஞ்ச் கார்டு, அதாவது விமான நிலைய ஓய்வறையில் உட்கார்ந்து சாப்பிட விடும் கிரெடிட் கார்டு, இருப்பதில் மட்டும் அவருக்கு ஒரு சந்தோஷம். வட்டி வரும் என்று கிரெடிட் கார்டே வாங்காதவர். அவருடைய டெபிட் கார்டு உள்நாட்டு லவுஞ்சோடு சரி. வெளிநாட்டில் என் விருந்தாளியாக வர ஒரு தடவைக்கு 27 டாலர், அதற்கு மேல் ஜிஎஸ்டி. "என் காச நான் குடுத்துடுவேன்" என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

மஞ்சள் காய்ச்சல் ஊசி போன மாதமே கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டாயிற்று. குறைந்தது பத்து நாள் முன்பே போட்டிருக்க வேண்டும். பலர் இதை பிரேசில்காரன் கேட்பான் என்று நினைக்கிறார்கள். கேட்பது நம் ஊர்தான், திரும்பி வரும்போது. ஊசி போட்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனியாக உட்கார வைத்துவிடுவார்கள். ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் செல்லும் என்று 2016-லேயே விதி மாறிவிட்டது. அதனால் அட்டையைத் தொலைக்காமல் வைத்திருப்பதுதான் பெரிய வேலை.

மார்ச் 11, செவ்வாய். சென்னை

மதியமே கிளம்பினோம். வாலாஜா தாண்டியதும் ஆறுவழிச் சாலை வேலை, வழக்கம்போல. டிரைவர் தம்பி "இன்னா சார், நான் ஸ்கூல் படிக்க சொல்லோ ஆரம்பிச்சது" என்றான்.

செக்கின், இமிக்ரேஷன், செக்யூரிட்டி எல்லாம் முடித்து லவுஞ்ச் வாசலுக்குப் போனால் நீள வரிசை. ரம்ஜான் மாதம். வரிசையில் நிற்கும்போதே மஃரிப், அதாவது பொழுது சாயும் தொழுகை நேரம், ஆகிவிட்டது. பாய் பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து, நின்றபடியே நோன்பு திறந்தார். எனக்கும் முன்னால் நின்ற ஒரு குடும்பத்துக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். உள்ளே போனபோது பிளேட் கழுவி வரும் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சாம்பார் சாதம், வடை, ஆறிப்போன நூடுல்ஸ். உட்கார இடம் கிடைத்ததே பெரிது.

இந்தக் கூட்டத்துக்குக் காரணம் எளிது. இலவசம் என்று நாம் சொன்னாலும் நாம் உள்ளே போகும் ஒவ்வொரு தடவைக்கும் வங்கி லவுஞ்சுக்காரருக்குப் பணம் கட்டுகிறது. உள்நாட்டு லவுஞ்ச் வாசலில் கார்டைத் தேய்த்து 2 ரூபாய் பிடிப்பது கார்டு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க மட்டும். கார்டுகள் பெருகப் பெருக வங்கிக்குக் கட்டுப்படியாகவில்லை. முந்தைய காலாண்டில் இவ்வளவு செலவு செய்திருந்தால்தான் அனுமதி என்று பல வங்கிகள் போட்டுவிட்டன. என் கார்டுக்கு உரிய செலவை ஆபீஸ் ஏசி வாங்கி முடித்தேன்.

1939-ல் நியூயார்க் லாகார்டியாவில் முதல் லவுஞ்ச் திறந்தபோது அழைப்பு உள்ளவர்கள்தான் போக முடியுமாம். இங்கே வடைக்கு நடந்த தள்ளுமுள்ளைப் பார்த்திருந்தால் அவர்கள் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

மார்ச் 12, புதன். தோஹா, அதிகாலை

என்னைக் கேட்டால் லவுஞ்சின் மதிப்பு இங்கேதான். கிளம்பும் ஊரில் வயிறு நிறைந்துதான் இருக்கும், உடம்பும் புதிதுதான். நடுவில், அடுத்த பதினைந்து மணி நேரத்துக்கு முன்னால், அது வேறு சமாச்சாரம். ராத்திரி வந்து இறங்கினோம். ஷவருக்குப் பெயர் எழுதிவிட்டு, சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுத்தோம். எழுப்பிக் கூப்பிட்டார்கள். வெந்நீர், வெள்ளைத் துண்டு, வெளியே வந்ததும் சட்டை மாற்றல். உடம்பு புதுசாகிவிட்டது. பிரியாணியைவிட இந்தக் குளியலுக்குத்தான் 27 டாலர் கொடுக்கலாம்.

சஹர் நேரத்தில் (விடியுமுன் நோன்புக்காகச் சாப்பிடும் நேரம்) பருப்பு சூப், முட்டை, ரொட்டி. பாய் நோன்பு வைக்கவே நினைத்திருந்தார். நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். விமானம் மேற்கே போகிறது, சூரியனும் கூடவே வரும். சாவோ பாலோ தோஹாவுக்கு ஆறு மணி நேரம் பின்தங்கியது. அங்கே பொழுது சாயும்போது இங்கே நள்ளிரவு தாண்டியிருக்கும். ஏறக்குறைய இருபது மணி நேர நோன்பு. பாய் கண்ணாடியை மேலே தள்ளிக் காகிதத்தைப் பார்த்தார். "பயணிக்குச் சலுகை இருக்கு, விட்ட நோன்ப அப்புறம் களா செஞ்சிக்கலாம்" என்று இன்னொரு முட்டையை எடுத்துக்கொண்டார்.

மார்ச் 12, இரவு. சாவோ பாலோ

வந்து சேர்ந்தோம். இருவரும் ஓர சீட், நடுவில் நடைபாதை. பேச வசதி, எழுந்து நடக்கவும் வசதி. பாய்க்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாலு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே போனால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2007 ஆய்வு சொன்னது. சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான் என்றும் அதுவே சொன்னது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் முட்டி வரை இறுக்கும் சாக்ஸ் போட வைத்தேன். அதை இழுத்து ஏற்றுவதற்குள் பாய் என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டதால் முதல் டிரேயைத் திருப்பிவிட்டு நேராகத் தூங்கினோம். பக்கத்தில் இருந்தவர்கள் டிரேயை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே. அக்னி நட்சத்திரத்து வேலூர்க்காரனுக்கே நாக்கு ஒட்டியது. செக்யூரிட்டி தாண்டி நிரப்பிக்கொண்ட தண்ணீர் பாட்டில்தான் கைகொடுத்தது.

மார்ச் 14, வெள்ளி. போர்ட்டோ அலெக்ரே

தோல் நன்றாக இருக்கிறது. பூச்சிக் கடித் தழும்பு நான் பயந்ததைவிடக் குறைவு. விலை இன்னும் படியவில்லை. இந்த ஊர் விமான நிலையம் போன ஆண்டு மே மாத வெள்ளத்தில் மூழ்கி, அக்டோபர் வரை மூடிக் கிடந்ததாம். பாலாற்றில் தண்ணீர் வந்தாலே ஓடிப்போய்ப் பார்க்கிற எங்களுக்கு ஓடுபாதையில் வெள்ளம் என்பது கற்பனைக்குள் வரவில்லை.

மார்ச் 18, செவ்வாய். சாவோ பாலோ, குவாருலோஸ் விமான நிலையம்

விலை படிந்தது. லவுஞ்சில் பாவ் தி கேஜு என்று சீஸ் போட்ட சின்ன உருண்டை ரொட்டி, மரவள்ளி மாவில் செய்தது. சூடாக இருக்கும்போது தின்ன வேண்டும். பாய் இரண்டு தட்டு.

மார்ச் 20, வியாழன். காட்பாடி

நேற்று தோஹாவில் விருந்தாளிக் கட்டணம் வேண்டாம் என்று பாய் வெளியே உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அவரே வந்து, "அந்தக் குளியலுக்காக" என்று டாலரை நீட்டினார். பொழுது சாய்ந்ததும் பேரீச்சம்பழம், மோர். கூட்டம் இருந்தாலும் சென்னை மாதிரித் தள்ளவில்லை.

சென்னையில் மஞ்சள் அட்டை கேட்டார்கள், காட்டினோம், இரண்டு நிமிட வேலை. விடியுமுன்னே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஹோட்டலில் சஹருக்கு வண்டியை நிறுத்தினோம். பாய் இட்லி சாப்பிட்டுக்கொண்டே மொபைலில் அடுத்த பயணத்துக்குத் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டார். ஜூனுக்குள் என் கார்டில் வேறு என்ன வாங்குவது என்று நான் யோசிக்க வேண்டும். ஆபீஸுக்கு ஒரு பிரிட்ஜ் தேவைதான்.