எட்டாவது இடத்தில் பில் பெர்கன்

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மகன் போன் செய்தான். சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று நான் ஆரம்பிப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்: "அம்மா, உங்க பெர்கனை கம்ப்யூட்டர் உட்கார வெச்சிடுச்சு."

நானும் அவனும் சில வருடங்களாக ஒரு பேஸ்பால் லீக் நடத்தி வருகிறோம். கம்ப்யூட்டருக்குள் நடக்கும் லீக். 'அவுட் ஆஃப் தி பார்க்' என்று ஒரு சிமுலேஷன் விளையாட்டு இருக்கிறது. 1871-இலிருந்து எந்த வருடத்தை வேண்டுமானாலும் எடுத்து, அந்த வருடத்தில் ஆடிய நிஜ வீரர்களை வைத்தே சீசனை மறுபடியும் நடத்திப் பார்க்கலாம். இப்போது எங்கள் லீக்கில் 1909-ஆம் வருடம் நடக்கிறது. அவன் கையில் பிட்ஸ்பர்க், என் கையில் புரூக்ளின். ஆட்டம் முடிந்ததும் திரையில் கட்டம் கட்டமாக எண்கள் வந்து நிற்கும். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதியே சம்பளம் வாங்கியவள் நான். மைதானத்தைப் பார்ப்பதைவிட அந்தக் கட்டங்களைப் பார்ப்பதுதான் எனக்குப் பிடிக்கும்.

இந்த லீக்குக்கு என்று நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மிகச் சிறந்த ஆட்டங்களுக்குப் பக்கம் கிடையாது. அதையெல்லாம் கம்ப்யூட்டரே பட்டியல் போட்டுக் கொடுத்துவிடும். என் நோட்டில் இருப்பது மிக மோசமான எண்கள். இடது பக்கம் எங்கள் லீக்கில் நடந்தது, வலது பக்கம் நிஜத்தில் நடந்தது, நடுவில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. இத்தனை சீசனுக்குப் பிறகும் இடது பக்கத்து எண் ஒன்றுகூட வலது பக்கத்தை எட்டிப் பிடிக்கவில்லை. அது ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். மகன் சொன்ன அந்த ஒரு வரியில் எனக்குப் பதில் கிடைத்தது.

பில் பெர்கனைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மாசசூசெட்ஸில் நார்த் புரூக்ஃபீல்ட் என்ற ஊரில் 1878-இல் பிறந்தவர். 1901 முதல் 1911 வரை, முதலில் சின்சினாட்டியிலும் பிறகு புரூக்ளினிலும், பேட்டருக்குப் பின்னால் குந்திப் பந்து பிடிக்கும் கேட்சராக இருந்தார். பேஸ்பாலில் பேட்டிங் ஆவரேஜ் என்பது எளிய வகுத்தல் கணக்கு: எத்தனை ஹிட் அடித்தார், அதை எத்தனை வாய்ப்பில் அடித்தார். ஹிட் என்றால், பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸ் என்ற நிலையை ஓடி அடைவது. பெர்கன் தன் வாழ்நாளில் 3028 வாய்ப்பில் 516 ஹிட் அடித்தார். வகுத்தால் 0.170. அவ்வளவு வாய்ப்பு கிடைத்தவர்களில் இதற்குக் கீழே யாரும் இல்லை. பதினோரு வருடத்தில் ஹோம் ரன் இரண்டே இரண்டு. அதிலும் 1909-இல் 346 வாய்ப்பில் 48 ஹிட், 0.139. அதே வருடம் அதே லீக்கில் முதலிடம் வந்த பிட்ஸ்பர்க்கின் ஹோனஸ் வாக்னருக்கு 0.339. இருவருக்கும் நடுவே சரியாக 0.200. இந்த இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வாக்னரைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. எனக்குக் கண்ணில் படுவது அந்த 346. புரூக்ளின் மேனேஜர் தினமும் காலையில் ஆடுவோர் பட்டியல் எழுதும்போது, இவரால் அடிக்க முடியாது என்று நன்றாகத் தெரிந்தே பெர்கன் பெயரையும் எழுதியிருக்கிறார். ஏன் எழுதினார்? அந்தக் காலத்துப் பந்து தூரம் போகாது. யாரும் பந்தை அடிக்காதபோதே ஒரு பேஸிலிருந்து அடுத்த பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடித்தான் ரன் சேர்ப்பார்கள். அப்படி ஓடுகிறவனை, பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் குந்தியிருக்கும் கேட்சர் எழுந்து இரண்டாவது பேஸுக்கு எறிந்து பிடிக்க வேண்டும். ஹோம் பிளேட்டிலிருந்து அங்கே 127 அடி தூரம். அந்த வேலையில் பெர்கனின் கை பேர்போனது. பிட்சர்கள் அவரை நம்பித்தான் பந்து போட்டார்கள். பேட்டைப் பிடித்தால் ஒன்றுமில்லாதவர், கிளவுஸைப் போட்டால் அணிக்கே காவல்.

இன்னொன்றும் உண்டு. எழுதலாமா என்று யோசித்துத்தான் எழுதுகிறேன். பெர்கனின் அண்ணன் மார்ட்டி பெர்கனும் கேட்சர், பாஸ்டன் அணியில். தம்பியைவிட நன்றாக அடிப்பவர். மனம் நோய்ப்பட்டு, 1900 ஜனவரியில் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுவிட்டுத் தானும் உயிரை விட்டார். மறுவருடமே அதே குடும்பப் பெயரோடு, அதே கேட்சர் இடத்தில் வந்து உட்கார்ந்தவர்தான் பில். ஒவ்வொரு ஊர் மைதானத்திலும் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது அவர் காதில் என்னவெல்லாம் விழுந்திருக்கும்! 0.170 என்ற எண்ணை எழுதும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அடிக்கவில்லை, சரி, அடுத்த ஆளைப் போடு என்கிறது. ஜூன் பிறப்பதற்குள் பெர்கனை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. 346 வாய்ப்பு கிடைத்தால்தானே அந்த எண் வரும்? என் நோட்டின் இடது பக்கம் தோற்றுக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான். அத்தனை மோசமான எண் பதிவாக வேண்டுமென்றால், இவன் எனக்கு வேண்டும் என்று யாரோ ஒருவர் நாள் தவறாமல் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

இதை நான் முதன்முதலில் பார்த்தது ஆந்தனி யங்கிடம். 1993-இல் கல்யாணமாகி நியூயார்க்கில் ஃபிளஷிங்குக்கு வந்தேன். பௌன் தெருப் பிள்ளையார் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. தலைக்கு மேல் லகார்டியா விமானங்கள், எதிர்ப்பக்கம் மெட்ஸ் அணியின் ஷே ஸ்டேடியம். கணவர் வேலையிலிருந்து வர ராத்திரி ஆகிவிடும். சமையலறை ரேடியோவில் பாப் மர்ஃபியின் வர்ணனை ஓடும். எனக்கு ஆங்கிலம் காதில் பழகியதும் பேஸ்பால் புரிந்ததும் அந்தக் குரலால்தான். அந்த வருடம் மெட்ஸ் 103 ஆட்டம் தோற்றார்கள். தோல்வியிலேயே நான் ஆட்டத்தைக் கற்றுக்கொண்டேன்.

பேஸ்பாலில் ஒரு வழக்கம். அணி தோற்றால் அந்தத் தோல்வியை யாராவது ஒரு பிட்சர் பெயரில் பற்று எழுதியாக வேண்டும். ஃபீல்டர் பந்தை நழுவவிட்டதால் போனாலும் சரி, பேட்டர்கள் ஒரு ரன்கூட எடுக்காமல் போனாலும் சரி, கணக்கு பிட்சர் தலையில்தான். 1992 மே மாதத்திலிருந்து 1993 ஜூலை 24 வரை ஆந்தனி யங் பெயரில் அப்படித் தொடர்ந்து 27 தோல்விகள் எழுதப்பட்டன. நடுவில் ஒரு வெற்றிகூட இல்லை. முந்தைய ரெக்கார்டு கிளிஃப் கர்ட்டிஸ் என்பவருடைய 23. அது 1911-லிருந்து நின்றுகொண்டிருந்தது.

ஆனால் கணக்குப் புத்தகத்தின் அடுத்த பத்தியையும் பார்க்க வேண்டும். 1993-இல், ஃபீல்டர்களின் பிழையால் போனதைக் கழித்துவிட்டால், அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி 3.77. அது மோசமான பிட்சரின் எண் இல்லை. அந்தத் தோல்வி வரிசை ஓடிக்கொண்டிருந்த 1992-இல்தான், முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தைக் கடைசியில் காப்பாற்றிக் கொடுக்கும் வேலையை அவரிடம் கொடுத்தார்கள். பதினைந்து ஆட்டங்களைக் காப்பாற்றினார். காப்பாற்றியது ஒரு பத்தியில் வரவாகும், தோற்றது இன்னொரு பத்தியில் பற்றாகும், இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாது. இப்படி ஒரு புத்தகத்தை யாராவது என் முன்னால் வைத்தால் திருப்பிக் கொடுத்து மறுபடி எழுதச் சொல்வேன்.

ஜூலை 28, புதன்கிழமை. ஷே ஸ்டேடியத்தில் ஃபுளோரிடா மார்லின்ஸோடு ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் யங் பந்து போடும்போது பிழையால் ஒரு ரன் போய் 4-3 என்று பின்தங்கினார்கள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். இருபத்தெட்டு என்று நினைத்துக் கத்தியைக் கீழே வைத்தது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் மெட்ஸ் முறை வந்தது. ஒரு ரன் எடுத்துச் சமன் செய்தார்கள், பிறகு எடி மர்ரே இரண்டாவது பேஸ் வரை ஓடும் ஒரு டபுள் அடிக்க 5-4. ரேடியோவில் கூட்டத்தின் சத்தத்தில் மர்ஃபியின் குரலே அமுங்கிப்போனது. யார் என்றே தெரியாத ஒரு மனிதருக்காக, ஊர் விட்டு வந்த அந்தச் சமையலறையில் தனியாக நின்று கை தட்டினேன். யங் 2017-இல் மூளைக் கட்டியால் இறந்தபோது அவருக்கு 51 வயது.

நோட்டில் இன்னும் சிலர் உண்டு. 1883-இல் பிலடெல்பியா அணி 81 ஆட்டம் தோற்றது, அதில் 48 ஜான் கோல்மன் என்ற ஒரே பிட்சர் பெயரில். ஒரே சீசனில் 538 இன்னிங்ஸ் பந்து போட்டிருக்கிறார். தோள் என்ன பாடு பட்டிருக்கும்! அவர் போடாவிட்டால் அன்றைக்கு ஆட்டமே இல்லை.

1899-இன் கிளீவ்லண்ட் ஸ்பைடர்ஸை மட்டும் தனிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், மற்றவர்களோடு சேர்க்க மனம் வரவில்லை. 20 வெற்றி, 134 தோல்வி. முதலாளிகளான ராபிசன் சகோதரர்கள் செயின்ட் லூயிஸ் அணியையும் வாங்கி, சை யங் உட்பட நல்ல ஆட்களையெல்லாம் அங்கே கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் 112 ஆட்டங்களை வெளியூரிலேயே ஆடினார்கள். கடைசி நாள் பந்து போட்டவர் ஹோட்டலில் சுருட்டு விற்றுக்கொண்டிருந்தவர். அதை நம் லீக்கிலும் செய்து பார்க்கலாம் என்று மகன் ஒரு தடவை ஆட்களை மாற்றிப் போட்டான். வேண்டாம், அழித்துவிடு என்றேன். ஆடுகிறவர்களின் தோல்வி வேறு, முதலாளி செய்த துரோகம் வேறு. முதலாவதற்குத்தான் என் நோட்டு.

பால்டிமோரின் கிறிஸ் டேவிஸையும் சேர்த்திருக்கிறேன். 2013-இல் 53 ஹோம் ரன் அடித்தவர். 2016-இல் ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் ஒப்பந்தம். 2018-இல் ஆவரேஜ் 0.168. அந்த செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஏப்ரல் வரை 54 வாய்ப்பில் ஒரு ஹிட் இல்லை. பேட்டர்களிலேயே அதுதான் மிக நீளமான வறட்சி. பணத்துக்காகத்தான் ஆட வைக்கிறார்கள் என்று பேசினார்கள். இருக்கலாம். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நாற்பதாயிரம் கண் பார்க்க நடந்துபோய் நின்றது அவர்தான். 2019 ஏப்ரல் 13, சனிக்கிழமை, பாஸ்டனில் முதல் இன்னிங்ஸிலேயே பந்து ரைட் ஃபீல்டில் விழுந்து இரண்டு ரன் வந்தது. அந்தப் பந்தை எடுத்து வைக்கச் சொன்னார் டேவிஸ். நானும் மகனும் டிவியில் பார்த்தோம். அவன் எழுந்து நின்றான், நானும் நின்றேன்.

சரி, பெர்கன் விஷயத்துக்கு வருகிறேன். போனை வைத்த கையோடு புரூக்ளினின் ஆட்டோமேட்டிக் பட்டியலை நிறுத்திவிட்டேன். இனி ஆடுவோர் பெயரை நானே போடுகிறேன். பேட்டிங் வரிசையில் பிட்சர் ஒன்பதாவது, பெர்கன் எட்டாவது. தினமும் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, அந்தக் கட்டத்தில் அவர் பெயரை இழுத்து வைக்கிறேன். "இப்படியே போட்டா ஆறாவது இடத்துக்குப் போயிடுவீங்கம்மா" என்றான் மகன். 1909-இல் புரூக்ளின் நிஜமாகவே ஆறாவது இடம்தான், போகட்டும் என்றேன்.

நேற்று அவனுடைய பிட்ஸ்பர்க்கோடு ஆட்டம். பெர்கனுக்கு நான்கு வாய்ப்பு, ஹிட் இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் வாக்னர் இரண்டாவது பேஸுக்குத் திருட்டு ஓட்டம் ஓடினார். பெர்கன் எறிந்தார், அவுட். அரை நிமிஷத்தில் மகனிடமிருந்து செய்தி வந்தது: "அம்மா!!!" நோட்டை எடுத்து இடது பக்கத்தில் நான்குக்குப் பூஜ்யம் என்று எழுதினேன். பக்கத்திலேயே வாக்னர் பெயரையும் எழுதி அடியில் கோடு போட்டேன்.