இசைத்தட்டின் இரைச்சலும் இடையில் நிற்கும் கருவிகளும்

பழைய இசைத்தட்டு கரகரத்தால் பழியைத் தட்டின் தலையில் போட்டுவிடுவது நம்மவர் வழக்கம். தட்டில் கீறலும் தூசியும் இருப்பது உண்மைதான். ஆனால் அதே கீறல் எவ்வளவு பெரிதாகக் காதில் விழுகிறது என்பதில் ஊசிக்கும், அதிலிருந்து மின்சைகையைக் கொண்டுசெல்லும் வயருக்கும், அந்த நுண்ணிய சைகையைப் பெருக்கும் போனோ பிரீஆம்ப்புக்கும் பங்கு உண்டு என்பதை, வெள்ளவத்தையில் என் அறையில் சில மாதங்களாகச் செய்துவரும் சோதனைகளில் தெளிவாகக் காண்கிறேன்.

ஒவ்வொரு மாற்றத்தின் பின்னரும் ஒரு மொனோ (இரு பக்கமும் ஒரே ஒலி) திரையிசைத் தட்டையும் ஒரு ஸ்டீரியோ (இடது, வலது தனித்தனி ஒலி) எல்பியையும் ஓட்டி, பாட்டுக்கு முன்னுள்ள வெற்றுத் தடத்தையும் முதற்பாட்டையும் 24 பிட்டில் கணினியில் பதிவு செய்தேன். ஓடும்போதே ஊசி கொஞ்சம் தூசியை வழித்துச் சென்றுவிடும் என்பதால், இறுதியில் பழைய அமைப்புக்குத் திரும்பி மீண்டும் ஒருமுறை பதிவு செய்வது அவசியம். இல்லையேல் தட்டு சுத்தமானதைக் கருவியின் சாதனை என்று எண்ணிக்கொள்வோம்.

முதலில் வயர். என்னிடமுள்ள கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியின் அசைவை மின்சைகையாக்கும் பகுதி, ஓடியோ டெக்னிகா விஎம்95ஈ. அதன் கம்பிச்சுருளின் மின்தூண்டம் 550 மில்லிஹென்றி. அதற்குப் பரிந்துரைக்கப்படுவது 47 கிலோஓம் சுமையும் 100 முதல் 200 பிகோஃபரட் வரையான மின்கொள்ளளவும் (வயரும் பிரீஆம்ப்பும் மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு). வயரின் இரு முனைகளையும் கழற்றி, பிளக்கின் நடு முனையிலும் வெளி வளையத்திலும் மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தபோது, நீண்ட பழைய வயர் மாத்திரமே 200 பிகோஃபரட்டைத் தொட்டது. பிரீஆம்ப்பின் உள்ளீட்டில் இன்னொரு 100 இருக்கிறது. மொத்தம் 300 என்று கொண்டால், சுருளும் கொள்ளளவும் சேர்ந்து ஒத்ததிரும் இடம் ஏறத்தாழ 12.4 கிலோஹேர்ட்ஸ். அரை மீற்றர் வயரைப் போட்டு மொத்தத்தை 150 அளவுக்குக் குறைத்ததும் அது 17.5 கிலோஹேர்ட்ஸுக்கு ஏறிவிட்டது. ஒத்ததிர்வு எழுப்பும் மேடு பெரியதன்று. ஆயினும் 'டிக்' ஒலியின் கூர்மை அப்பகுதியில்தான் தங்கியிருப்பதால் காது வேறுபாட்டை உடனே உணர்ந்தது. டிக்குகளின் எண்ணிக்கை குறையவில்லை, அவற்றின் குத்தல் குறைந்தது. செலவோ ஒரு துண்டு வயர்.

அடுத்தது பிரீஆம்ப். தட்டில் வெட்டும்போது செய்த ஏற்றத்தாழ்வை ஒலிக்கும்போது நேர்செய்வதற்கென 1954இல் வந்த ஆர்ஐஏஏ சமப்படுத்தல் நியமத்தின்படி, 20 ஹேர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் உயர்த்தப்படுகிறது, 20 கிலோஹேர்ட்ஸில் அதே அளவு தாழ்த்தப்படுகிறது. கீறலில் ஊசி இடறும்போது எழும் கூரிய மின் துடிப்பு, இந்தத் தாழ்த்தல் நடப்பதற்கு முன்னரே முதற்கட்டப் பெருக்கத்துக்குள் நுழைந்துவிடலாம். அவ்வளவு பெரிய துடிப்பைத் தாங்க அங்கே போதிய இடம் இல்லாவிட்டால் சுற்று நிரம்பி, தெளிவதற்குச் சற்று நேரம் எடுக்கும். குறுகிய 'டிக்' அகன்ற 'டொப்' ஆகிவிடும். என் பழைய அம்பிளிபயரோடு கூடிவந்த பிரீஆம்ப்பில் இதே நிகழ்வதைப் பதிவின் அலைவடிவத்தைப் பெருப்பித்துப் பார்த்தபோது கண்ணாலேயே காண முடிந்தது. தனிப் பிரீஆம்ப்பில் அதே கீறல் மெல்லிய ஒற்றைக் கோடாக நின்றது.

மொனோ தட்டுகளுக்குக் கிடைத்த பலன்தான் எல்லாவற்றிலும் பெரிது. அவற்றில் இசை பக்கவாட்டு அசைவில் மாத்திரமே இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் படிப்பதால் தூசியின் துள்ளலும் ஒலியாகிவிடுகிறது. இடது, வலது இரு ஒலிகளையும் மொனோவாகக் கூட்டியதும் மேல்கீழ் அசைவு ஒன்றையொன்று அடித்துப்போகும். தொடர்பற்ற இரைச்சலும் இசையோடு ஒப்பிடுகையில் 3 டெசிபெல் குறையும். மொனோ பொத்தானைத் தேடாமல் விலையுயர்ந்த ஊசியைத் தேடுவோர்மீது எனக்குப் பரிதாபமே.

ஊசியின் வடிவம் பற்றி உறுதியாகச் சொல்ல முடிவது குறைவு. கூம்பு ஊசியும் நீள்வட்ட ஊசியும் தடத்தின் சுவரை வேறு வேறு இடங்களில் தொடுகின்றன. ஆகவே ஒரு தட்டில் அமைதி தந்தது, தேய்ந்த ஊசி முன்னரே உழுதுவிட்ட இன்னொன்றில் எதையும் மாற்றவில்லை. கொழும்பின் ஈரக்காற்றில் நிலைமின் தொல்லை குறைவு. ஆனால் பூஞ்சணத்துக்கு எந்தக் கருவியாலும் மருந்தில்லை, கழுவத்தான் வேண்டும்.

இனி, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்கு) தட்டுகள். அவற்றின் அகன்ற தடத்துக்கு 3 மில், அதாவது சுமார் 75 மைக்ரோன் ஊசி தேவை. என் கார்ட்ரிட்ஜின் உடலிலேயே பொருந்தக்கூடிய ஊசி கிடைக்கிறது. ஷெல்லாக்கை அல்ககோல் கரைத்துவிடும் என்பதால் அவற்றைக் காய்ச்சி வடித்த நீரால் மாத்திரமே கழுவி வருகிறேன். ஊசி வந்து சேர்ந்ததும் அதே முறையில், மொனோவாகக் கூட்டியும் கூட்டாமலும், பதிவு செய்து பார்ப்பேன்.